ஒரு ராப் கலைஞரின் சொல்வளம் காலப்போக்கில் எப்படி மாறுகிறது?

நாஸ் என்று அறியப்படும் நியூயார்க் ராப் கலைஞர் தன் முதல் தொகுப்பான 'இல்மேட்டிக்'கை 1994-இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 20. 2020-இல் 'கிங்ஸ் டிசீஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டபோது வயது 46. செல்வச் செழிப்பில் திளைப்பவர்களுக்கே வரும் என்று ஒரு காலத்தில் கருதப்பட்ட மூட்டுநோய் ஒன்றின் பெயர் அது. குவீன்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பில் வளர்ந்து, தன்னைச் சுற்றி நடப்பதையெல்லாம் பாட்டாக்கிக்கொண்டிருந்த 20 வயது இளைஞர் தன் தொகுப்புக்கு அப்படியொரு பெயரைச் சூட்டியிருக்க வாய்ப்பில்லை. இந்த இரண்டு தொகுப்புகளுக்கும் இடையிலான 26 ஆண்டுகளில் அந்த மனிதரின் சொற்களுக்கு என்ன நேர்ந்தது, அதை எப்படிக் கண்டறிவது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

ஒருவரின் சொல்வளம் என்று நாம் பேச்சுவழக்கில் குறிப்பிடுவதில் மூன்று வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. அவருக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் ஒன்று. அவர் பாடலில் பயன்படுத்திய சொற்கள் இன்னொன்று. அவர் திரும்பத் திரும்ப நாடும் சொற்கள் மூன்றாவது. முதலாவதை நாம் ஒருபோதும் அளக்க முடியாது. பதிவான பாடல்களில் நமக்குக் கிடைப்பவை பின்னிரண்டு மட்டுமே. இந்த வேறுபாட்டை மறந்தால், எளிய சொற்களில் பாடுபவருக்குச் சொற்களே தெரியாது என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். மொழியியலாளர் எச். சாமி ஆலிம் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எச்சரிக்கை. ஜுவனைல், ஈவ் என்ற இரு ராப் கலைஞர்களின் நேர்காணல் பேச்சையும் பாடல் வரிகளையும் அவர் ஒப்பிட்டார். கறுப்பின அமெரிக்கர்களின் தெருவழக்குக்குரிய இலக்கண அமைப்பு, இயல்பான பேச்சில் வருவதைவிடப் பாடலில் கூடுதலாக வருவதை அவர் காட்டினார். பாடலின் மொழி தெரிந்தே தேர்ந்தெடுக்கப்படுவது என்பதை இது உணர்த்துகிறது. எனவே ஒரு கலைஞரின் சொற்கள் மாறும்போது, அவருடைய அறிவு மாறியதா அல்லது தேர்வு மாறியதா என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் எழுப்பியாக வேண்டும்.

இந்தக் கேள்விக்கு மற்ற இசை வகைகளைவிட ராப் ஏற்ற களமாக இருப்பதற்கு அதன் சொல்லடர்த்தியே காரணம். எமினெம் 2013-இல் வெளியிட்ட 'ராப் காட்' பாடலில் 6 நிமிடம் 4 வினாடிகளில் 1,560 சொற்கள் இருக்கின்றன. வெற்றி பெற்ற ஒற்றைப் பாடல்களில் மிக அதிகச் சொற்கள் கொண்டது என்று கின்னஸ் பதிவு பெற்ற பாடல் அது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 257 சொற்கள் என்பது விதிவிலக்கான வேகம்தான். ஆனால் சாதாரண வேகத்தில் பாடும் ராப் கலைஞரின் ஒரு தொகுப்பிலிருந்தே சில ஆயிரம் சொற்கள் கிடைத்துவிடும். பத்துத் தொகுப்புகள் வெளியிட்டவரிடமிருந்து கிடைப்பது ஒரு தடித்த நாவலின் அளவு. அதோடு, பெரும்பாலும் தன் வரிகளைத் தானே எழுதுவது ராப் உலகில் மரியாதைக்குரிய மரபு. அதனால் அந்தச் சொற்களை ஒரே மனிதருடையவை என்று கொள்ள ஓரளவு நியாயம் இருக்கிறது.

எண்ணுவதில் உள்ள சிக்கல்

ராப் கலைஞர்களின் சொல்வளம் பற்றிப் பேசும் எவரும் 2014-இல் தரவு ஆய்வாளர் மேட் டேனியல்ஸ் வெளியிட்ட ஒப்பீட்டைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. அவர் 85 ராப் கலைஞர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரின் முதல் 35,000 சொற்களில் எத்தனை வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன என்று கணக்கிட்டார். ஏசாப் ராக் 7,392 சொற்களோடு முதலிடத்திலும், டி.எம்.எக்ஸ். 3,214 சொற்களோடு கடைசியிலும் இருந்தனர். ஷேக்ஸ்பியரின் ஏழு படைப்புகளிலிருந்து தலா 5,000 சொற்களை எடுத்து அதே முறையில் எண்ணியபோது கிடைத்தது 5,170. பல ராப் கலைஞர்கள் ஷேக்ஸ்பியரைத் தாண்டிவிட்டனர் என்ற செய்தி உலகெங்கும் பரவியது.

அந்த ஒப்பீடு நேர்மையாகச் செய்யப்பட்டது. அதன் வரம்புகளையும் அவர் மறைக்கவில்லை. ஒரே சொல்லின் வெவ்வேறு வடிவங்களும் உச்சரிப்புக்கேற்ப மாற்றி எழுதப்பட்ட வடிவங்களும் அதில் தனித்தனிச் சொற்களாக எண்ணப்பட்டன. தமிழில் இதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். 'வந்தான் வந்தாள் வந்தேன்' என்பதை மூன்று சொற்கள் என்று எண்ணலாம். 'வா' என்ற ஒரே வினையின் மூன்று வடிவங்கள் என்றும் எண்ணலாம். 'வந்தேன்', 'வந்தேங்க' என்று ஒருவர் எழுத்துவழக்கையும் பேச்சுவழக்கையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் கணக்கு இன்னும் ஊதிப்போகும். ஆங்கில ராப் வரிகளில் ஒரே சொல்லை ஒரு பாடலில் முழுமையாகவும் அடுத்த பாடலில் கடைசி மெய்யை விழுங்கியும் ஒலிப்பது மிகச் சாதாரணம். ஷேக்ஸ்பியரோடு செய்த ஒப்பீட்டை இதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரே முறையில் எண்ணப்பட்ட ராப் கலைஞர்களுக்கிடையிலான ஒப்பீடுதான் பொருளுள்ளது.

நம் கேள்விக்கு அதைவிட முக்கியமானது வேறொன்று. முதல் 35,000 சொற்கள் என்பது மூன்று முதல் ஐந்து தொகுப்புகளுக்குள் முடிந்துவிடும். அதாவது அந்தப் பட்டியல் ஒவ்வொரு கலைஞரின் இளமைக்காலத்தை மட்டுமே அளக்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவு இடம் தரவேண்டும் என்பதற்காக எடுத்த நல்ல முடிவு அது. ஆனால் முப்பது ஆண்டுகள் பாடிய ஒருவரின் பிற்கால இருபது ஆண்டுகள் அதில் இடம்பெறவே இல்லை. அந்தப் பட்டியலைக் காட்டி ஒருவரின் சொல்வளம் வளர்ந்தது அல்லது தேய்ந்தது என்று வாதிடுவோரை அடிக்கடி காண்கிறேன். அந்த எண்களில் அதற்கான விடை இல்லை.

அப்படியானால் ஒவ்வொரு தொகுப்பையும் தனித்தனியாக எண்ணிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் புதிதாக வருபவர்கள் தவறாமல் சறுக்குகிறார்கள். எந்த மொழியில் எவர் எழுதினாலும், உரை நீள நீளப் புதிய சொற்கள் தோன்றும் வேகம் குறைந்துகொண்டே போகும். முதல் நூறு சொற்களில் பெரும்பாலானவை புதியவை. பத்தாயிரமாவது சொல்லை எட்டும்போது வருவதில் பெரும்பகுதி ஏற்கெனவே வந்ததுதான். மொழியியலில் இதற்கு ஹீப்ஸ் விதி என்று பெயர். அதன்படி உரையின் நீளம் நான்கு மடங்கானால் வெவ்வேறு சொற்களின் எண்ணிக்கை தோராயமாக இரண்டு மடங்குதான் ஆகும். உதாரணத்துக்கு, 10,000 சொற்கள் கொண்ட உரையில் 2,500 வெவ்வேறு சொற்கள் இருந்தால், அதே கையால் எழுதப்பட்ட 40,000 சொற்களில் ஏறத்தாழ 5,000 இருக்கும். முதலாவதில் நான்கு சொல்லுக்கு ஒன்று புதிது. இரண்டாவதில் எட்டுக்கு ஒன்று. எழுதியவர் ஒருவரே, திறமையும் ஒன்றே. நீளம் மட்டுமே வேறு.

நாஸின் பாடல்களிலேயே இதன் விளைவைப் பார்க்கலாம். 'இல்மேட்டிக்' சுமார் 40 நிமிடத் தொகுப்பு. 2018-இல் வந்த 'நாஸிர்' ஏழே பாடல்கள் கொண்ட, சுமார் 26 நிமிடத் தொகுப்பு. இரண்டிலும் உள்ள வெவ்வேறு சொற்களை எண்ணிப் பக்கத்தில் வைத்தால், பிந்தையது நீளம் குறைந்த ஒரே காரணத்தாலேயே பின்தங்கும். விகிதத்தைக் கணக்கிட்டாலோ நேர்மாறாக, குறுகிய தொகுப்பு தகுதிக்கு மீறி உயரும். 1990-களின் பிற்பகுதியில் குறுந்தட்டின் கொள்ளளவை நிரப்ப எழுபது நிமிடத்துக்கும் மேல் நீளும் தொகுப்புகள் ஏராளமாக வந்ததையும், இன்றைய தொகுப்புகள் பல அதில் பாதிகூட இல்லாததையும் நினைத்துப் பார்த்தால், இந்தப் பிழை எவ்வளவு பரவலாக இருக்கும் என்பது விளங்கும்.

இதற்குத் தீர்வு சம அளவுத் துண்டுகள். ஒவ்வொரு காலகட்டத்திலிருந்தும் ஒரே எண்ணிக்கையிலான சொற்களை எடுத்து ஒப்பிட வேண்டும். இன்னும் நுட்பமான முறையில், 500 சொற்கள் கொண்ட சாளரம் ஒன்றை வரிகளின்மீது ஒவ்வொரு சொல்லாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் உள்ள வெவ்வேறு சொற்களை எண்ணி, எல்லாவற்றின் சராசரியை எடுப்பார்கள். அப்போது தொகுப்பின் மொத்த நீளம் முடிவைப் பாதிக்காது. பல்லவியை ஒருமுறை மட்டும் எண்ணுவதா, ஒவ்வொரு முறையும் எண்ணுவதா என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். எனக்கு ஒருமுறை எண்ணுவதே சரியென்று படுகிறது; மீண்டும் பாடப்படுவது இசையமைப்பின் தேவை, அதைப் புதிய சொற்தேர்வு என்று கொள்ள முடியாது.

முதல் தொகுப்பின் பலம்

முறையாக எண்ணினாலும், எண்ணிக்கை மாற்றத்தின் அளவை மட்டுமே சொல்லும். அதன் தன்மையை அறிய, எந்தச் சொற்கள் உள்ளே வந்தன, எவை வெளியேறின என்று பார்க்க வேண்டும். அதற்கு முதல் தொகுப்பின் இயல்பைப் புரிந்துகொள்வது அவசியம். ஓர் இளைஞர் பதினைந்து, பதினாறு வயதிலிருந்து குறிப்பேடுகளில் சேர்த்துவைத்த வரிகளில் சிறந்தவை முதல் தொகுப்புக்குப் போகின்றன. தெருப் பெயர்கள், நண்பர்களின் பட்டப்பெயர்கள், அந்தச் சில தெருக்களுக்குள் மட்டுமே புரியும் வழக்குச்சொற்கள் ஆகியவை அதில் நெருக்கமாகக் குவிந்திருக்கும். இரண்டாவது தொகுப்புக்கு ஓரிரு ஆண்டுகளே கிடைக்கின்றன. அதிலும் பெரும்பகுதி பயணத்திலும் மேடையிலும் கழிகிறது. ஆகவே முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே சொற்செறிவு குறைவது கலைஞரின் வீழ்ச்சியைக் காட்டுகிறது என்று அவசரப்பட்டு முடிவு செய்யக்கூடாது.

வட்டார வழக்கு நெடுங்காலப் பயணத்தில் பலவிதமாக நடந்துகொள்கிறது. 1980-களிலும் 90-களிலும் நியூயார்க் ராப் கலைஞர்கள் பலரின் வரிகளில், 1964-இல் அந்நகரின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களிடையே தோன்றிய ஃபைவ் பர்சென்ட் நேஷன் என்ற சமய இயக்கத்தின் சொற்கள் நிறைந்திருக்கும். ராக்கிமிடமும் வூ-டாங் கிளான் குழுவினரிடமும் அவை கொள்கையாகவே ஒலித்தன. அவர்களைக் கேட்டு வளர்ந்த பலரிடம் வெறும் பேச்சுவழக்காக மாறின. வூ-டாங் குழுவினர் தாங்கள் வளர்ந்த ஸ்டேட்டன் ஐலண்டை, குங்ஃபூ படங்களில் கேட்ட ஷாவ்லின் என்ற பெயரால் அழைத்ததும் அப்படிப்பட்ட ஒரு சொற்படைப்புதான். ஹார்லெமைச் சேர்ந்த பிக் எல் 1998-இல் வெளியிட்ட பாடல் ஒன்றில் தன் தெருவின் வழக்குச்சொற்களை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றின் பொருளையும் விளக்கினார். அடுத்த ஆண்டே அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தப் பாடல் அன்றைய ஹார்லெமின் அகராதியாக இன்றும் கேட்கப்படுகிறது.

நெடுங்காலம் பாடும் கலைஞருக்கு வழக்குச்சொற்கள் ஒரு சங்கடத்தைத் தருகின்றன. இருபது வயதில் தன் வாயில் இயல்பாக வந்த சொற்கள் நாற்பது வயதில் பழையவையாகிவிடுகின்றன. புதிய தலைமுறையின் சொற்களை எடுத்துக்கொண்டால் அவை பொருந்தாமல் ஒலிக்கின்றன. சிலர் தம் இளமைக்கால வழக்கிலேயே உறுதியாக நின்று, அதையே தம் அடையாளமாக்கிக்கொள்கிறார்கள். சிலர் காலத்தால் மூப்படையாத பொதுச்சொற்களின் பக்கம் நகர்கிறார்கள். கலிஃபோர்னியாவின் வல்லேஹோ நகரைச் சேர்ந்த ஈ-40 தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி. பிறர் உருவாக்கும் சொற்களைப் பின்தொடராமல் தானே சொற்களை உருவாக்கிக்கொண்டும் பரப்பிக்கொண்டும் இருப்பவர் என்று அவர் பல பத்தாண்டுகளாகப் பெயர் பெற்றிருக்கிறார். அவருடைய பாடல்களில் வழக்குச்சொற்கள் குறையாமல் இருப்பதை வைத்து அவரை மாறாதவர் என்று கருதினால், நாம் பட்டியலைப் பார்த்தோமே தவிர அவரைக் கேட்கவில்லை என்றே பொருள்.

ஓசை இழுத்துவரும் சொற்கள்

உரைநடை எழுதுபவருக்கு இல்லாத ஒரு நெருக்கடி ராப் கலைஞருக்கு உண்டு: சொல் பொருளுக்கு மட்டும் பொருந்தினால் போதாது, ஓசைக்கும் தாளத்துக்கும் பொருந்தியாக வேண்டும். ராப் இசை வளர்ந்த ஹிப்-ஹாப் கலாசாரம் 1973-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் இசைத்தட்டுக் கலைஞர் கூல் ஹெர்க் நடத்திய விருந்தில் பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. தொடக்ககால ராப் வரிகள் பெரும்பாலும் வரியின் இறுதியில் மட்டும் இயைபு அமைந்தவை. 1987-இல் எரிக் பி-யுடன் இணைந்து முதல் தொகுப்பை வெளியிட்ட ராக்கிம், வரிக்குள்ளேயே பல இடங்களில் ஓசை ஒத்துவரும்படி அமைத்தார். இதனால் ஒரு வரிக்குத் தேவைப்படும் ஒத்த ஓசைச் சொற்களின் எண்ணிக்கை பெருகியது. எளிய சொற்களின் இயைபுகள் விரைவில் தீர்ந்துபோக, அதுவரை ராப் வரிகளில் நுழையாத அறிவியல், சட்டம், மருத்துவம், விளையாட்டு ஆகிய துறைகளின் சொற்கள் ஓசைக்காகவே உள்ளே வந்தன.

எமினெம் இதன் உச்சம். தான் அகராதியைப் புரட்டிப் படித்ததைப் பற்றி 2010-இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் பேசியதோடு, 'ஆரஞ்ச்' என்ற சொல்லுக்கு ஒத்த ஓசைச் சொல் ஆங்கிலத்தில் இல்லை என்ற நம்பிக்கையை மறுத்து, பல சொற்களைச் சேர்த்து அதற்கு எப்படி ஓசையமைப்பது என்று அதே இடத்தில் செய்துகாட்டினார். இத்தகைய கலைஞரின் சொல்வளம் அவருடைய ஓசை நுட்பத்தோடு சேர்ந்தே வளர்கிறது. மூன்று, நான்கு அசைகள் ஒத்துவரும்படி அமைக்கத் தொடங்கியவுடன், நீண்ட சொற்களும் எதிர்பாராத சொற்சேர்க்கைகளும் தேவைப்படுகின்றன. அவருடைய சொற்பட்டியலில் புதிய சொல் ஒன்றைக் காணும்போது, அது கருத்துக்காக வந்ததா, பக்கத்துச் சொல்லின் ஓசை இழுத்துவந்ததா என்று வரியைக் கேட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது.

எழுதும் முறையும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. ஜே-ஸி தன் வரிகளைத் தாளில் எழுதுவதில்லை. மனத்திலேயே அமைத்து ஒலிப்பதிவு செய்கிறார். லில் வெய்னும் ஒரு கட்டத்துக்குப் பிறகு எழுதுவதை விட்டுவிட்டார். எழுதுபவர் அரிய சொல்லைத் தேடி நிறுத்தி நிதானமாக வைக்க முடியும். மனத்தில் அமைப்பவர், ஒரே எளிய சொல்லுக்கு இரண்டு மூன்று பொருள் வரும்படி திருப்புவதில் தேர்ச்சி பெறுவது இயல்பென்று நினைக்கிறேன். ஜே-ஸியின் சிறந்த வரிகள் பலவற்றில் அகராதி பார்க்க வேண்டிய சொல் ஒன்றும் இருக்காது. ஆனால் இரண்டாம் முறை கேட்கும்போது வேறு பொருள் திறக்கும். சொற்களை எண்ணும் எந்தக் கணினி நிரலும் இந்தத் திறமைக்கு மதிப்பெண் தராது.

கேட்பவர்கள் மாறும்போது

வெற்றி ஒருவரின் கேட்போரை மாற்றிவிடுகிறது. தன் தெருவில் உள்ளவர்களுக்காகப் பாடத் தொடங்கியவர் திடீரென்று கோடிக்கணக்கானோருக்குப் பாடுகிறார். தெருவின் பெயரையும் அந்த ஊரின் குறிப்புகளையும் அவர்களில் பெரும்பாலோர் அறியமாட்டார்கள். 1996-இல் 'ரீசனபிள் டவுட்' தொகுப்போடு வந்த ஜே-ஸி, 2003-இல் வெளியான 'தி பிளாக் ஆல்பம்' தொகுப்பின் ஒரு பாடலில், வருமானத்தை இரட்டிப்பாக்குவதற்காகக் கேட்போருக்கேற்ப எளிமைப்படுத்திக்கொண்டதாக வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். வணிக வெற்றிக்கும் சொல்லடர்த்திக்கும் இடையிலான இழுபறியை ஒரு முன்னணிக் கலைஞரே இப்படிப் பதிவு செய்தது அரிது. டேனியல்ஸின் பட்டியலில் கடைசியிலிருந்த டி.எம்.எக்ஸ்., 1998 என்ற ஒரே ஆண்டில் வெளியிட்ட இரண்டு தொகுப்புகளும் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்ததையும் இதோடு சேர்த்து நினைக்கலாம். அவருடைய குறைந்த சொற்களும், அவற்றைக் குரைப்பும் மன்றாட்டுமாக மாற்றிய குரலும் சேர்ந்துதான் அந்தக் கலை.

தொழில்நுட்பமும் சொற்களைச் சுருக்குகிறது. இணையத்தில் பாடல்களைக் கேட்கவைக்கும் ஓடைச் (ஸ்ட்ரீமிங்) சேவைகளில் ஒன்றான ஸ்பாட்டிஃபை ஒரு பாடலை 30 வினாடிகள் கேட்டாலே ஒரு தடவையாகக் கணக்கிடுகிறது. நீண்ட மூன்றாம் சரணத்துக்கு அங்கே தனிப் பயன் இல்லை. பாடல்கள் குறுகியதில் இதற்கும் பங்குண்டு. 1990-களில் தொடங்கி இன்றும் பாடும் ஒருவரின் பிற்காலப் பாடல்களில் சொற்கள் குறைந்திருந்தால், அவருடைய விருப்பத்தோடு இந்தச் சூழலையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வேடம் மாறினாலும் சொற்கள் மாறும். 1991-இல் கே.எம்.டி. குழுவில் ஸெவ் லவ் எக்ஸ் என்ற பெயரில் பாடிய இளைஞர், தம்பியின் மரணத்துக்கும் குழுவின் முடிவுக்கும் பிறகு பல ஆண்டுகள் ஒதுங்கியிருந்து, 1999-இல் எம்.எஃப். டூம் என்ற முகமூடி அணிந்த வில்லனாகத் திரும்பி வந்தார். படக்கதை வில்லனின் பெருமிதப் பேச்சு, பழைய தொலைக்காட்சித் தொடர்களின் வாசகங்கள், முந்தைய தலைமுறையின் மரியாதைச் சொற்கள் எல்லாம் அவருடைய வரிகளில் கலந்தன. இரண்டு காலத்துப் பாடல்களையும் பெயர் மறைத்துக் கேட்டால் ஒருவர் என்று கண்டுபிடிப்பது கடினம். எமினெமும் ஸ்லிம் ஷேடி என்ற வேடத்தில் பாடும்போது எடுக்கும் சொற்களைத் தன் இயற்பெயரில் பாடும்போது எடுப்பதில்லை. 2009-இல் வந்த 'ரிலாப்ஸ்' தொகுப்பு மருந்துப் பெயர்களால் நிறைந்திருப்பதற்கு, அதற்கு முன் அவர் மருந்துப் பழக்கத்திலிருந்து மீண்ட அனுபவமே காரணம்.

அதே சொல், வேறு பாரம்

எல்லாவற்றிலும் நுட்பமான மாற்றம், பட்டியலில் எந்த மாற்றமும் தெரியாத இடத்தில் நிகழ்வது. சொல் அப்படியே இருக்கிறது. அது சுட்டும் திசை மாறிவிடுகிறது. ஜே-ஸியின் பழைய பாடல்களில் தந்தை என்ற சொல் வந்தால், அது சிறுவனாக இருந்தபோது தன்னை விட்டுச் சென்றவரைக் குறிக்கும். 2003-இல், அந்த மனிதர் இறந்த பிறகு, அதே சொல்லில் மன்னிப்பு கலக்கிறது. 2017-இல், 47 வயதில், '4:44' தொகுப்பை வெளியிட்டபோது அவரே மூன்று பிள்ளைகளின் தந்தை. மனைவிக்குத் தான் செய்த துரோகத்தைப் பிள்ளைகள் ஒருநாள் அறிய நேரும் என்ற அச்சம் அங்கே பேசப்படுகிறது. பணம் பற்றிய சொற்களிலும் இதே நகர்வு உண்டு. இளமையில் வாங்கியவற்றின் பெயர்கள் அடுக்கப்பட்டன. '4:44'-இல் சொத்துடைமை, கடன் மதிப்பு, ஓவியங்களின் விலையேற்றம், அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்வது ஆகியவை பேசப்படுகின்றன. அந்தத் தொகுப்பை அவருடைய சொல்லடர்த்தி மிக்க படைப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவருடைய சொற்கள் அதில்தான் முழுப் பாரத்தோடு நிற்கின்றன என்பது என் எண்ணம்.

எமினெமின் பாடல்களில் தாய் என்ற சொல்லின் கதையும் இப்படியே. 2002-இல் தன் தாயைக் கடுமையாகக் குற்றம் சாட்டும் பாடலை வெளியிட்டவர், 2013-இல் அந்தப் பாடலுக்காக வருந்தி மன்னிப்புக் கேட்கும் பாடலை வெளியிட்டார். சொல்லை எண்ணும் அட்டவணையில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், ஒரே வரிசையில் நிற்கும். இதைக் காண, சொல்லோடு அதன் அக்கம்பக்கத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும்: அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் வரும் ஐந்தாறு சொற்கள் என்னென்ன, அதோடு எந்த வினைகள் சேருகின்றன என்று காலகட்டம் காலகட்டமாகப் பட்டியலிட்டால் மாற்றம் தெளிவாகத் தெரியும். உளவியலாளர்கள் ஜேம்ஸ் பென்னபேக்கரும் லோரி ஸ்டோனும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, வயது கூடக்கூட மனிதர்களின் எழுத்தில் 'நான்' என்பதைச் சார்ந்த சொற்கள் குறைந்து, நல்லுணர்வுச் சொற்கள் கூடுவதைக் கண்டது. ராப் இசையோ 'நான்' என்ற சொல்லின்மீதே எழுப்பப்பட்டது. அது குறையும் என்று எதிர்பார்ப்பதைவிட, அந்த 'நான்' என்ன செய்கிறது என்று பார்ப்பதே பயன் தரும். இளம் கலைஞரின் 'நான்' வெல்கிறது, வாங்குகிறது, மிரட்டுகிறது. முதிர்ந்தவரின் 'நான்' நினைக்கிறது, இழந்ததை எண்ணுகிறது, சில நேரம் ஒப்புக்கொள்கிறது.

பட்டியலின் உச்சியிலிருந்த ஏசாப் ராக் இன்னொரு பாடம் தருகிறார். 2001-இல் வந்த 'லேபர் டேஸ்' தொகுப்பில் அவருடைய வரிகள் அடர்ந்த புதராக இருக்கும். சொல் ஒவ்வொன்றும் புரிந்தாலும் வாக்கியம் பிடிபடாது. 2016-இல் வந்த 'தி இம்பாசிபிள் கிட்' தொகுப்பில் தன் சகோதரர்கள், வளர்ப்புப் பூனை, மனநல ஆலோசகரோடு நடந்த உரையாடல் என்று தெளிவான நிகழ்வுகளைப் பாடுகிறார். அரிய சொற்கள் அங்கேயும் இருக்கின்றன. ஆனால் அவை இப்போது ஒரு கதையைத் தாங்குவதால் கேட்பவருக்கு வழி தெரிகிறது. சொல்வளம் குறையாமலே தெளிவு கூட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இதை நீங்களே செய்துபார்க்க விரும்பினால், நன்றாகப் பரிச்சயமான ஒரே ஒரு கலைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தொடக்கம், நடுப்பகுதி, அண்மைக்காலம் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, விருந்தினர் பாடிய பகுதிகளை நீக்கி, பல்லவியை ஒருமுறை மட்டும் வைத்து, மூன்றிலிருந்தும் ஒரே அளவு சொற்களை எடுங்கள். வரிகளைப் பெரும்பாலும் ரசிகர்களே கேட்டு எழுதியிருப்பார்கள். அதனால் ஒரே சொல் பலவாறு எழுதப்பட்டிருந்தால் ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு முதல் தொகுப்பில் மட்டும் உள்ள சொற்கள், கடைசியில் மட்டும் உள்ள சொற்கள், மூன்றிலும் உள்ளவை என்று பிரித்து, மூன்றாவது வகையில் பெயர்ச்சொற்கள் சிலவற்றின் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். மனிதர்களின் பெயர்களையும் இடப்பெயர்களையும் தனியே எடுத்துவைத்தால், அவர் யாருக்காகப் பாடிக்கொண்டிருந்தார் என்பது அவற்றிலிருந்தே பெருமளவு விளங்கும். கடைசியாக, அதே ஆண்டுகளில் வந்த வேறு இரண்டு மூன்று கலைஞர்களின் வரிகளிலும் இதே வேலையைச் செய்யுங்கள். உங்கள் கலைஞரிடம் மறைந்துபோன ஒரு சொல் மற்றவர்களிடமும் அதே ஆண்டுகளில் மறைந்திருந்தால் அந்த மாற்றம் காலத்தினுடையது. அவரிடம் மட்டும் மறைந்திருந்தால், அந்த இரு தொகுப்புகளுக்கும் இடையே அவர் வாழ்வில் என்ன நடந்தது என்று தேடத் தொடங்கலாம்.